உப்புப் பார்க்கிறவள்

என் நாத்தனார் இல்மா மாத்திரை சாப்பிடவில்லை என்பதை ரமலான் முதல் நோன்பன்றே கண்டுபிடித்துவிட்டேன். அட்டை அப்படியே இருந்தது. போன வருடமும் நோன்பு வைக்கிறேன் என்று மதிய மாத்திரையை விட்டாள். பெருநாளன்று நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மனசுக்கு வந்தாலும் நோய் நோய்தான், நீ நோன்பு வைக்க வேண்டாம் என்று பள்ளிவாசல் ஹஜரத்தே அவளிடம் சொல்லியிருந்தார்.

"நீங்க சொல்லுவீங்க அண்ணி. எதுத்த ஊட்டு மைமூன் அக்கா சன்னல்ல நின்னு, 'வயசுப்புள்ள நோன்பு வெக்கலையா'ன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைமூனின் வாயை ஊசிநூல் போட்டுத் தைத்துவிடலாமா என்றிருந்தது. கோட்டைமேட்டில் எங்கள் சந்து அப்படி; ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும். ஆனால் இல்மாவுக்குப் புத்தி சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது, அதுவும் நோன்பு நேரத்தில்.

அன்று நோன்பு திறந்து கஞ்சியை ஒரு வாய் குடித்த என் வீட்டுக்காரர் யூனுஸ் முகத்தைச் சுளித்தார். "ஏனுங்க அம்மணி, உப்பு மூட்டையையே கொட்டிப்போட்டீங்களா?"

இல்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! நோன்பு வைத்த வாயால் உப்புப் பார்க்க முடியுமா? குத்துமதிப்பாகப் போட்டால் இப்படித்தான்.

சட்டென்று பிடித்துக்கொண்டேன். "இல்மா, இந்த ஊட்டுக்கு நோன்பில்லாத நாக்கு ஒண்ணு வேணும். நாளைல இருந்து மத்தியானம் சோறு தின்னு, மாத்திரையப் போட்டுட்டு அடுப்படிக்கு வந்துரு. உப்பு பாக்கறது உம்பொறுப்பு. இல்லாட்டி உங்கண்ணன் என்னைய உசுரோட விடமாட்டாரு."

வந்தாள். ஒரு கரண்டி வாயில் விட்டு, கண்ணை மூடி, "இன்னுங் கொஞ்சம்" என்றாள். மறுநாளும் வந்தாள். அட்டையில் மாத்திரை குறைந்தது; நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கஞ்சியைப் பற்றி யூனுஸ் பள்ளிவாசல் வரைக்கும் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தார்.

ஒரு சாயங்காலம் வாசலில் மைமூன், கையில் கிண்ணம். சம்பந்தி வீட்டார் நோன்பு திறக்க வருகிறார்களாம், பெரிய சட்டியில் காய்ச்சியிருக்கிறாளாம். "உங்கூட்டுல உப்பு பாக்க ஆளிருக்குன்னாங்க..." என்று இழுத்தாள்.

நறுக்கென்று நாலு வார்த்தை வைத்திருந்தேன். அதற்குள் இல்மா முன்னால் வந்து நின்றாள்.

"நாந்தானுங்க அக்கா. மனசு சரியில்லைன்னு மாத்திரை சாப்பிடறேன், அதான் நோன்பில்லை. கொண்டாங்க." சந்து முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு வாய் குடித்தாள். "உப்பு பத்தலைங்க. இஞ்சியும் கொஞ்சம் தட்டிப் போடுங்க."

மைமூன் தலையாட்டிவிட்டு இஞ்சி தட்ட வீட்டுக்கு ஓடினாள். என் நாத்தனாருங்க அவள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் எங்கள் வாசலுக்குக் கிண்ணங்கள் வருகின்றன. மைமூனை மன்னித்துவிட்டேன், முக்கால்வாசி. இன்று மதியம் எதிர்ச் சன்னலிலிருந்து அவள் குரல் வந்தது.

"இல்மா கண்ணு, சோறு தின்னு மாத்திரை போட்டாச்சா? நான் சட்டிய அடுப்புல ஏத்தப் போறேன்."