மாலைக் கட்டத்துக் கையெழுத்து

அந்த மாவட்டத்தில் நிபுணர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி வகுப்புகளை நோய்களே நேரில் வந்து எடுத்தன. இந்த முறை நுரையீரல் டாக்டர்களுக்கு ஆஸ்துமா வந்திருந்தது. முழுக்கைச் சட்டை போட்ட ஒல்லியான ஆள். நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பேசும்.

வகுப்பு முடியும்வரை நோய் நோயாளிகளிடம் இருக்காது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க அதற்கும் முடியாதுதானே. வருகைப் பதிவேட்டின் மாலைக் கட்டத்தில் கடைசிக் கையெழுத்து விழுந்ததும் வகுப்பு முடிந்துவிடும். நோய் பையைத் தூக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கக் கிளம்பும்.

பாளையங்கோட்டை டாக்டர் சுயம்புலிங்கத்துக்கு இதெல்லாம் அத்துப்படி. தெரிந்து என்ன பிரயோசனம்? மற்றவர்களைப் போல அவரும் காலையில் தலையைக் காட்டும்போதே மாலைக் கட்டத்திலும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால் ஒவ்வொரு வருடமும் வகுப்பு தொடங்குகிறபோதே முடிந்துவிடும். நோய் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பும். டாக்டர்கள் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். சான்றிதழ் தபாலில் வந்துவிடும்.

அன்றும் முப்பத்தெட்டுப் பேரும் அப்படித்தான் போட்டு முடித்திருந்தார்கள். அப்போது வார்டிலிருந்து நர்ஸ் சுயம்புலிங்கத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், பேச்சியம்மா படுத்துத் தூங்குறாங்க."

பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். இருபத்திரண்டு வருட ஆஸ்துமா. மூன்று வாரமாகக் கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் கண்ணயர்ந்தாள். சுயம்புலிங்கம் தனக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டார். தனக்குத் தெரிந்தது பழசாகிப் போய்விட்டதோ என்று அவருக்கு உள்ளூர வெட்கமாக இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆஸ்துமா காபி டம்ளரை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய்ப் பதிவேட்டைத் திறந்து, மாலைக் கட்டத்தில் இருந்த தன் கையெழுத்தை அடித்தார்.

"மன்னிக்கணும். நான் இன்னும் ஒண்ணும் படிக்கல."

ஆஸ்துமா பையைக் கீழே வைத்தது. இத்தனை வருடத்தில் அதனிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. சந்தோஷமாகவே பாடத்தை ஆரம்பித்தது. எந்த மருந்து தனக்குப் பழகிவிட்டது, எதற்கு இன்னும் பயம், எந்த வீட்டில் எந்தச் சந்து வழியாக நுழைகிறது என்று ஒளிக்காமல் சொன்னது. மற்றவர்கள் பிரியாணி முடிந்ததும் நடையைக் கட்டினார்கள். சுயம்புலிங்கம் ஒரு நோட்டு முழுக்க எழுதினார். நடுவில் வார்டுக்குப் போன் செய்து பேச்சியம்மாளின் மருந்தை மாற்றச் சொன்னார்.

சாயங்காலம் ஆஸ்துமா பேனாவை நீட்டியது. பாடம் முழுதும் முடிந்துவிட்டது என்றது. அவரும் ஒத்துக்கொண்டார். பேச்சியம்மாளை இனி அவர் சமாளித்துவிடுவார். ஆனால் மாவட்டம் முழுக்க எத்தனை பேர் இன்று படுத்துத் தூங்குவார்கள் என்று நினைத்ததும் அவருக்குக் கை வரவில்லை.

"படிச்சிட்டேன். போட மனசு வரல" என்றார்.

ஆஸ்துமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் பேச்சியம்மாள் மாடிப்படி ஏறி வகுப்பு ஹாலுக்கு வந்தாள். ஒரே மூச்சில் ஏறினாள். டாக்டருக்கு ஒரு பொட்டலம் இட்லியைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஆஸ்துமாவின் முன்னால் பிரித்து வைத்தாள்.

"அது வெளிச் சாப்பாடு சாப்பிடாது டாக்டர். இருவத்திரெண்டு வருசமா எங்கிட்டதான இருந்துச்சு" என்றாள்.

ஆஸ்துமா தலை குனிந்து சாப்பிட்டது.

பக்கத்து ஹாலில் சர்க்கரை நோய் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வகுப்புக்கு வந்த டாக்டர்கள் மாலைக் கட்டத்தில் கையெழுத்துப் போடாமல் ஒவ்வொருவராக இந்த ஹாலுக்குள் வந்து, தங்கள் பேனாவைச் சுயம்புலிங்கத்தின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். இருபத்தாறு பேனா சேர்ந்ததும் பேச்சியம்மாள் அவற்றை இட்லிப் பொட்டலத்து நூலால் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.