நம்பத்தகுந்த ஆதாரம்

என் கணவர் கிளெமென்ற் ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்ட்டில், பின்னோக்கி வந்த பாரந்தூக்கி வண்டியில் நசுங்கி இறந்தார். அதன் எச்சரிக்கை மணி பழுதாகிக் கனகாலம் என்று அவரே வீட்டில் குறைப்பட்டிருக்கிறார். அவர் இறந்த விதம் ஒரு தாளிலாவது சரியாக எழுதப்பட வேண்டும் என்றுதான் வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் நடந்த தொழிற்பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தேன்.

ஒருநாள் நவரத்தினம் சேர் தலைகீழாக யோசிக்கும் முறையைப் பழக்கினார். "யார்ட்டில ஆக்கள் சாகாமல் இருக்க என்ன செய்யலாம் எண்டு கேக்காதீங்க. சாகடிக்க என்ன செய்யலாம்? வெக்கப்படாமச் சொல்லுங்க."

வகுப்பு உற்சாகமானது. "மழையில லைட்டை ஓஃப் பண்ணுவம்." "ட்ரைவருக்கு டபுள் ஷிப்ட் குடுப்பம்."

ரிஷாத் எழுந்தான். "சேர், ரிவர்ஸ் மணியைப் பழுதாக்கிட்டு, பின்னுக்கு ஒரு மொக்கன நிப்பாட்டுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சேர் கைதட்டி, அதைப் பலகையில் பெரிதாக எழுதினார்.

அடுத்த கிழமை, கிளெமென்றின் விபத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த ஒப்படை திரும்பி வந்தது. மணி கனகாலமாகப் பழுது என்ற வரியைச் சேர் சிவப்பால் சுழித்திருந்தார்.

"இது ஆர் சொன்னது?"

"என்ட ஹஸ்பண்ட், சேர். செத்தது அவர்தான்."

"சொறி மிஸிஸ். ஆனா செத்த ஆளை ஆதாரமாப் போடேலாதே. ஆய்விதழில வந்த கட்டுரை ஒண்டு தேடுங்க."

தேடினேன். அந்த விபத்தைப் பற்றியே ஒரு கட்டுரை இருந்தது. எழுதியவர் அதே யார்ட்டின் பாதுகாப்பு அதிகாரி. இயந்திரத்தில் குறையில்லை, இறந்தவர் முதல்நாள் இரவு நன்றாகக் குடித்திருந்தார், நேர்காணலில் மனைவியே இதைக் கூறினார் என்று எழுதியிருந்தார்.

என்னிடம் ஒருவரும் வரவில்லை. கிளெமென்ற் நத்தார் பண்டிகைக்கு ஒரு கிளாஸ் எடுப்பார், அவ்வளவுதான்.

சேர் வாசித்து மகிழ்ந்தார். "பாத்தீங்களா, தேடினாக் கிடைக்கும். இதைப் போடுங்க."

"அந்த மனிசி நான்தான் சேர். நான் அப்பிடிச் சொல்லேல்ல."

"அப்ப இதை மறுக்கிற இன்னொரு கட்டுரை கொண்டுவாங்க."

கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்ததும் கட்டுரையின் அச்சுப்பிரதியைக் கிளெமென்றின் தம்பி பிறெடியிடம் கொடுத்தேன். அவனாவது என்னோடு சேர்ந்து கோபப்படுவான் என்று நினைத்தேன். ஆங்கிலத்தை விரல் வைத்து மெதுவாக வாசித்தான். கடைசிப் பக்கத்து உசாத்துணைப் பட்டியலைக்கூட விடவில்லை.

"ஏன் அண்ணி அப்பிடிச் சொன்னீங்க?"

"நான் சொல்லேல்ல பிறெடி. பொய்."

"இவ்வளவு படிச்ச ஆக்கள் சும்மா போடுவாங்களா?"

அந்த வருடம் தேவாலயத்தில் நடந்த கிளெமென்றின் நினைவுப் பூசையில் அவன் என் பக்கத்தில் இருக்காமல் வேறு வாங்கில் போய் இருந்தான்.