அடி இல்லாத பெட்டி

ஏழாயிரம்பண்ணை உக்கிரபாண்டியின் மகள் பொன்னுத்தங்கத்துக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர் என்கிற மெஷினைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதை வேலை வாங்கவும் வேண்டும். வருஷம் 1968. விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. கணக்கு முடிக்கப் போகிறாள். லைப்ரரிக்கு வந்த ஒரு தடிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, பார்த்தே இராத அந்த மெஷினுக்கு இன்னது செய், இன்னது செய் என்று இரண்டு நோட்டு நிறையக் கட்டளை எழுதித் தள்ளியிருந்தாள். அதெல்லாம் சரியா, வெறும் கிறுக்கலா என்று சொல்ல ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. நான் எழுதினதாச்சே, சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் நினைப்பு. வகுப்பில் அதைத் தலைக்கனம் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே! பதினோரு பேரில் ஒற்றைப் பெண்ணாக உட்கார அதுவும் கொஞ்சம் வேண்டித்தான் இருக்கிறது.

மெட்ராஸ் கம்பெனி ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி ஆள் எடுக்க வந்தார். ஒரே ஒரு இடம். எழுத்துப் பரீட்சையில் இரண்டு பேர் தேறினார்கள். ஒன்று பொன்னுத்தங்கம், இன்னொன்று சிவகாசி அச்சாபீஸ் முதலாளி மகன் சங்கரலிங்கம். சும்மா சொல்லக்கூடாது, சங்கரலிங்கம் வாயைத் திறந்தால் வாத்தியார்களே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"கணக்கு ரெண்டு பேருக்கும் வருது. பேச வருதான்னு பார்க்கணும்" என்றார் அதிகாரி. "கம்ப்யூட்டர் நீங்க சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. கேள்வியும் கேட்காது."

மேஜை மேல் தீப்பெட்டி ஒட்டுகிற சாமான்கள் இருந்தன. நீளமான மரப்பட்டை, சின்னதாக ஓர் அடிப்பட்டை, ஊதாத் தாள், ஒரு கிண்ணம் பசை. குச்சி அடுக்குகிற உள்பெட்டியைச் செய்ய வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலையாக இருக்கட்டும் என்று அதிகாரியே கேட்டு வாங்கி வைத்திருந்தார். மெஷினாக உட்கார்ந்தவர் கல்லூரிப் பியூன் பலவேசம். சொல்கிறவர் சுவரைப் பார்த்து நின்று சொல்ல வேண்டும். சொன்னதை மட்டும் பலவேசம் செய்ய வேண்டும்.

சங்கரலிங்கம் மேடையில் பேசுவது மாதிரி பேசினான். ஐந்து நிமிஷத்தில் பெட்டி வந்துவிட்டது. தொண்ணூறு மார்க். அடுத்துப் பொன்னுத்தங்கம் சுவரைப் பார்த்து நின்று மளமளவென்று சொன்னாள். பட்டையை மடிங்க, தாளில் பசை தடவுங்க, சுத்துங்க, ஓரத்தை உள்ளே மடக்குங்க. நாலே நிமிஷம்.

"தொண்ணூத்தஞ்சு!" என்றார் அதிகாரி. "கங்கிராஜுலேஷன்ஸ்!"

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மெட்ராஸ் கைக்கு வந்துவிட்டது! திரும்பிப் பார்த்தாள். பலவேசத்தின் உள்ளங்கையில் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியும் இருந்தது.

அடியா? அடி வைக்கச் சொன்னோமா?

சொன்னதை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சொல்லவே இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வாயால் சொன்னதிலேயே அடி விட்டுப்போயிருந்தால், நோட்டில் எழுதினதில் என்னென்ன விட்டுப்போயிருக்கும்? மெஷின் முன்னால் போய் நின்று அசடு வழிவதா? அந்த நினைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சார், இந்த மார்க் வேண்டாம்" என்றாள். "அடி வைக்கச் சொல்லி நான் சொல்லலை. அண்ணாச்சி அவுகளா வச்சுக்கிட்டாக."

பலவேசம் திருதிருவென்று விழித்தார். "ஏந்தாயி, அடி இல்லாம எவனாச்சும் பெட்டி ஒட்டுவானா? எங்க வீட்ல ராவும் பகலும் இதானே சோலி. கை அதுபாட்டுக்குப் போயிருச்சு."

வீட்டுக்கு வீடு பெட்டி ஒட்டுகிற ஊரில் இப்படி ஒரு மெஷினை உட்கார வைத்துவிட்டோமே என்பது அதிகாரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"கையில வந்ததை எதுக்குக் கெடுத்துக்கிட்ட?" என்று சங்கரலிங்கம் கிசுகிசுத்தான்.

"இப்படி வந்தா நிக்காதுப்பா" என்றாள் அவள். பிறகு அதிகாரியிடம், "நீங்க உக்காருங்க சார். இந்த ரூம்ல உங்களுக்குத்தான் பெட்டி ஒட்டத் தெரியாது" என்றாள்.

பலவேசத்துக்குப் பகீரென்றது. அதிகாரியோ ஒரு கணம் முறைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து உட்கார்ந்தார்.

மறுபடி சங்கரலிங்கம் முதலில் சொன்னான். பசை என்றதும் அதிகாரி நாலு விரலையும் கிண்ணத்தில் விட்டார். பட்டை முறிந்தது. "வழக்கம்போல மடிங்க சார்" என்றான். எந்த வழக்கம் என்று தெரியாமல் அவர் தாளைப் பட்டம் மாதிரி மடித்து வைத்தார். திரும்பிப் பார்த்த சங்கரலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. பலவேசம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குலுங்கினார்.

பொன்னுத்தங்கம் உடனே ஆரம்பிக்கவில்லை. சுவருக்கு முன்னால் கண்ணை மூடி, தன் கைகளை வெறுமனே ஆட்டிப் பார்த்தாள். எட்டு வயசிலிருந்து ஒட்டின கை. அது செய்கிறதை இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கவனித்தாள். அடேயப்பா, ஒரு பெட்டிக்கு இத்தனை வேலையா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

"எதையும் தொடாம கேளுங்க சார். நீளப் பட்டையில மூணு கோடு அழுந்தியிருக்கும். அந்தப் பக்கம் உங்க முகத்தைப் பார்க்கணும். இடது கட்டைவிரல் முதல் கோட்டுல. இப்ப மடிக்கலாம், நேரா நிக்கிற வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம்."

பசை எந்த விரலில், எவ்வளவு, எந்த ஓரம் வரைக்கும், எல்லாம் சொன்னாள். ஓரிடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டு, "இல்ல சார், பிரிச்சிருங்க, நான் சொன்னது தப்பு" என்று கூசாமல் திருத்தினாள். "இப்ப சின்னப் பட்டையை எடுங்க. அதுதான் அடி" என்றபோது குரல் கணீரென்று வந்தது. இருபத்தாறு நிமிஷம் ஆனது.

"முடிஞ்சுது சார்."

பயத்தோடு திரும்பினாள். அதிகாரி கோணல்மாணலான ஒரு பெட்டியைத் தூக்கிப் பிடித்து, குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அடியை விரலால் தட்டிப் பார்த்தார். நின்றது.

"நானே செஞ்சேன்!" என்றார் பலவேசத்திடம்.

"கோணையா இருந்தாலும் பெட்டிதான்யா" என்று பலவேசம் ஒப்புக்கொண்டார். சங்கரலிங்கம் முதல் ஆளாகக் கை தட்டினான்.

"பரீட்சை முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமை மெட்ராஸ் ஆபீசுக்கு வந்துரும்மா" என்றார் அதிகாரி. "எக்மோர்ல இறங்கி, ஸ்டேஷன் வாசல்ல பஸ்ஸைப் பிடிச்சா..."

பொன்னுத்தங்கம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"எந்த வாசல் சார்?"