விளக்கைப் பார்க்காத பெண்

மேசைமீது நீளமான தடம். அதில் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து ஓடிவரும். கடைசி விளக்கு எரியும் அதே கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். சான் பெத்ரோவில் பேஸ்பால் பழகும் பிள்ளைகளின் நேரக்கணிப்பை அளப்பது என் வேலை. பத்து வயதுக் குழுவில் மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இதை வைத்தே ஆள் எடுப்பதாகப் பயிற்சியாளர் எலிஹியோ சொல்லியிருந்தார்.

யாரிட்சா என்ற சிறுமி எல்லாரையும் முந்தினாள். அதுவும் பாதித் தடத்திலேயே கண்ணை எடுத்துவிட்டு.

எனக்கு உறுத்தியது. விளக்குகளை ஓடவிடும் விசையில் இருக்கும் என் விரலைப் பார்த்து ஊகிக்கிறாளோ? கையைத் துண்டால் மூடினேன். சத்தத்தை வைத்தோ? அவள் காதில் பஞ்சு வைத்தேன். வேகத்தை மாற்றினேன். அப்போதும் சரியாக அழுத்தினாள்.

"டாக்டரம்மா, உங்க மெஷின் ரம் குடிச்சிருக்கு" என்ற எலிஹியோ அவளிடம் குனிந்தார். "இதுக்கு முன்னாடி எங்க ஆடுன?"

"எங்கயும் ஆடல, வாத்தியாரே."

"சாஃப்ட்பால்?"

"ஒண்ணுமே ஆடல."

"ஆடாம இந்தக் கணக்கு வராது. ஒனக்குப் பதிமூணு வயசிருக்கும். தங்கச்சி பிறப்புச் சான்றிதழத் தூக்கிட்டு வந்திருக்க."

"எனக்குத் தங்கச்சியே கெடையாது!"

"அப்ப சித்தி மகளோடது."

"பாட்டி, பேரனெல்லாம் சௌக்கியமா?" என்றான் வரிசையில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"போ, போ. அடுத்த ஆள் வா" என்றார் எலிஹியோ.

உதட்டைக் கடித்தபடி நடந்தவள், வாசலோரத் தண்ணீர் கேனிலிருந்து கழன்று கிடந்த நீல மூடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"விதீயாவுக்கு."

"அதுல ஆடுவியா?"

"தெனமும். தெருவுல, பந்துக்குப் பதிலா மூடிய வீசி வெளக்குமாத்துக் கட்டையால அடிப்போம்."

"ஒண்ணுமே ஆடலன்னு சொன்னியே?"

"அவரு ஆட்டத்தக் கேட்டாரு. இது சும்மா விதீயாதானே, அக்கா?"

வரிசையில் நின்றவர்களுக்கு வீட்டில் விதீயா தடை. பேஸ்பாலுக்குப் பழகிய கை கெட்டுவிடுமாம்.

கேட்டுக்கொண்டிருந்த எலிஹியோ மூடியை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். அவள் அங்கே கிடந்த விளக்குமாற்றுக் கட்டையோடு நின்றாள். மூடி வளைந்து, மிதந்து, திடீரென்று சரிந்தது. கூரைக்கு அடித்தாள். பொறுக்கிவந்து இன்னும் மோசமாக வீசினார். பாதி தூரத்திலேயே கண்ணை எடுத்தாள். மறுபடி கூரை.

"திங்கக்கெழம வந்துடு" என்றார். "அம்மாவையும் கூட்டிட்டு வா."

"எதுக்கு, வாத்தியாரே?"

"ஒன்ன எப்பப் பெத்தாங்கன்னு அவங்க வாயால கேக்கணும்."