தாடைக்கு இரண்டு கோடு

கட்டிலின் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்து அவள் வரைந்துகொண்டிருந்தபோது அப்பா கண்ணைத் திறந்தார்.

"காட்டு" என்றார்.

"இன்னும் முடியலப்பா."

"நான் முடிஞ்சிடுவேன் போலிருக்கு. காட்டு."

அவள் அட்டையைத் திருப்பிப் பிடித்தாள். அப்பா இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார். எதையும் அப்படித்தான் பார்ப்பார். வருஷக்கணக்காக ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வேலை செய்தவர். மூடி மூடியே பழகிய இடது கண், திறந்திருக்கும்போதும் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரியும். படத்திலும் அது சின்னதாக இருந்தது. காது பெரிதாக இருந்தது. வாய் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தலையணையின் சுருக்கமும் கழுத்தின் சுருக்கமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை.

"தாடைக்கு எதுக்குடி ரெண்டு கோடு?"

"முதல் கோடு தப்பாப் போச்சு."

"தப்புன்னா அழி."

"நான் அழிக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும், தெரியும். கிறுக்கி."

கையைப் போர்வையிலிருந்து எடுக்கவே அவருக்கு நேரம் ஆயிற்று. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டார். பிரஷ் நுனியைக் கூராக்க அப்படித் தொட்டுத் தொட்டுப் பழகிய நாக்கு அது. விரலைப் படத்தின் தாடையில் வைத்துத் தேய்த்தார். கோடு காய்ந்துவிட்டிருந்தது. ஓரத்தில் மட்டும் ஈரம் இருந்தது போலிருக்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் காது வரைக்கும் போயிற்று. கோடு அப்படியே இருந்தது.

"போக மாட்டேங்குதே" என்றார்.

சிரித்தாரா, மூச்சு வாங்கினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குக் கீழேயே போட்டோ ஸ்டுடியோ. அப்பாவுக்கு அங்கே டச்சிங் வேலை. மச்சம், தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தூங்காத முகத்தின் கோடுகள் என்று எதுவானாலும் மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு இல்லாமல் ஆக்கிவிடுவார். ஊரில் பாதிப் பேரின் சுவரில் அவர் துடைத்துவிட்ட முகங்கள்தான் மாட்டியிருந்தன. படம் வரையும் மகள் பிறந்ததில் அவருக்குப் பெருமைதான். ஆனால் அவள் வரைந்த படங்களில்தான் பிரச்சினை. "வேலை கிடைக்கணும்னா என்கிட்ட வருவான். இருக்கிற வேலையும் போகணும்னா இவகிட்ட வருவான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அவள் படித்தது வேதியியல். பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. தப்பாக எடுத்த அளவை ரப்பரால் அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். தப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் நேர்மை. மற்றவர்கள் அதை ஒரு தொந்தரவாக நினைத்தார்கள். அவளுக்கு அது உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

படிப்பு முடிந்து பத்திரிகைகளுக்கு வரைய ஆரம்பித்தபோது அவளும் எல்லாரையும்போலத்தான் வரைந்தாள். உருண்டைக் கண், பட்டாணி மூக்கு, பார்த்தவுடன் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும் முகங்கள். அவை விற்றன. ஆனால் அச்சில் வந்தபோது தன் படம் எது, பக்கத்துப் பக்கத்தில் இன்னொருவர் போட்டது எது என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒரு நாள் பென்சிலையும் ரப்பரையும் எடுத்து மேஜை டிராயரில் போட்டுச் சாத்தினாள். நேராக மையில் தொட்டாள். கோடு தப்பினால் தப்பட்டும். பக்கத்திலேயே இன்னொன்று. அதுவும் தப்பினால் இன்னொன்று. முதலில் பார்த்த ஓவியப் பகுதி ஆசிரியர், "என்னம்மா, எல்லாருக்கும் பேய் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அவள் வாயில் பதில் அவ்வளவு சுலபமாக வராது. அடுத்த வாரமும் அதே மாதிரி வரைந்து அனுப்பினாள்.

மதியம், ஜன்னல் வழியாக வந்த வெயில் கட்டில் காலைத் தொட்டபோது, அப்பாவிடமிருந்து ஒரு மூச்சு வெளியே போயிற்று. அடுத்தது உள்ளே வரும் என்று அவள் காத்திருந்தாள். பேனாவின் மூடியைத் திருகி மூடினாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு மாடிப்படியின் உச்சியில் நின்று, "அண்ணா" என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. ஆனாலும் கீழே அண்ணனின் நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் உடனே கேட்டது.

அப்பாவை முன்னறைக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அம்மா போன பிறகு இந்த வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள். அழுதுகொண்டே நாற்காலிகளை நகர்த்தினாள், அழுதுகொண்டே டீக்குச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கீழேயிருந்து ஒரு பெரிய படத்தைச் சட்டம் போட்டு எடுத்துவந்தான். அப்பாவின் தலைமாட்டில் ஒரு மேஜை போட்டு அதன்மேல் நிறுத்தினான். ஸ்டுடியோவை இப்போது நடத்துவது அவன்தான். பிரஷ் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்.

படத்தில் அப்பாவுக்கு ஒரு சுருக்கமும் இல்லை. புதுச் சோப்பு மாதிரி இருந்தார்.

"ராஜா மாதிரி இருக்கார்" என்று அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் படத்தின் அருகில் போய்ப் பார்த்தாள்.

"அண்ணா, ரெண்டு கண்ணும் ஒரே அளவா இருக்கு."

"ஆமா. வலது கண்ணை எடுத்துத் திருப்பி இடது பக்கம் வெச்சேன். சின்னக் கண்ணோடயா வெப்பாங்க?"

"உள்ளே வெளிச்சத்தைப் பாரு."

அண்ணன் குனிந்து பார்த்தான். கண்ணுக்குள் மின்னும் வெள்ளைப் புள்ளி வலது கண்ணில் ஜன்னல் வெளிச்சம் வந்த பக்கமாக இருந்தது. இடது கண்ணில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

"அப்பா ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல உக்காந்திருந்தாரா?"

"இதை எவன் கவனிக்கப் போறான் பாப்பா?"

"அப்பா கவனிப்பார்."

அண்ணன் கீழே கிடந்தவரைப் பார்த்தான்.

அவள் உள்ளே போய்த் தான் வரைந்த படத்தை எடுத்துவந்து, அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

அத்தையின் அழுகை சட்டென்று நின்றது.

"என்னடி கண்றாவி இது?"

"அப்பா."

"என் அண்ணனா இது? வாய் கோணலா, கண்ணு நொள்ளையா, தாடை ரெண்டா... பத்திரிகைல மந்திரிங்களைப் போட்டுக் கிண்டல் பண்ற மாதிரி பெத்தவரையும் போடுவியா?"

"மந்திரிங்க மேல கோபம் அத்தை. அப்பா மேல என்ன கோபம்?"

"அப்போ ஏன் இப்படி?"

"இப்படித்தான் இருந்தார்."

"இருந்தா? இருக்கிற மாதிரியேவா போடுவாங்க? வர்றவங்க காறித் துப்புவாங்கடி. எடு."

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. ஓவியப் பகுதி ஆசிரியர். அதே பத்திரிகைதான் குழந்தைகளுக்காக அவள் வரைந்த முதல் புத்தகத்தையும் போடுகிறது. அவள் பின்கட்டுக்குப் போய் எடுத்தாள்.

"கேள்விப்பட்டேன்மா. ரொம்ப வருத்தமா இருக்கு. ஒண்ணும் கவலைப்படாதே, புத்தக வேலையை நாங்க இங்கேயே பாத்துக்கறோம்."

"சரி சார்."

"அட்டைப்படத்துல மட்டும் அந்தக் குழந்தை முகத்துல இருக்கிற எக்ஸ்ட்ரா கோடுங்களை எடுத்துடலாம்னு ஒரு எண்ணம். நம்ம ஆளே க்ளீன் பண்ணிடுவார். நீ இப்ப இருக்கிற நிலைமைல அலைய வேணாம். சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

எப்போதும் அவள் 'சரி' என்றுதான் சொல்லுவாள். போனில் யார் எது கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு படத்தில்தான் இல்லை என்று சொல்லுவாள். படத்தையே அவர்கள் கையில் எடுத்துக்கொண்டால் எங்கே போய்ச் சொல்வது?

"வேணாம் சார்."

"என்னம்மா?"

"எடுக்க வேணாம். எடுத்தா என் பேரையும் எடுத்துடுங்க."

"நீ ஏதோ மனசு சரியில்லாம பேசறே."

"மனசு சரியாத்தான் இருக்கு சார். அப்பா இல்ல, அவ்வளவுதான்."

அவளே போனை வைத்தாள். அப்படி அவள் செய்தது இதுவே முதல் தடவை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது அவளுடைய படம் மேஜையில் குப்புறக் கிடந்தது. மேலே ஒரு பூமாலை வைத்திருந்தார்கள். மாலையை எடுத்து அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு, படத்தை நிமிர்த்தி நிறுத்தினாள். இந்தத் தடவை விலகிப் போகவில்லை. ஒரு கையால் அட்டையின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"பாரு இவளை" என்றாள் அத்தை அண்ணனிடம். "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சோமே."

அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னான். "பாப்பா, சண்டை போடற நேரமா இது? சரி, இருக்கட்டும். அந்தக் கறையையாவது துடைச்சிடு. அசிங்கமா இருக்கு."

"அது அப்பா போட்டது."

"அப்பாவா?"

"காலைல. அழிக்கப் பாத்தார். வரல."

அண்ணன் அந்தச் சாம்பல் தீற்றலையே பார்த்தான். அது விரல் அகலம் இருந்தது. அவன் கை தானாக அதன் பக்கம் போய், தொடாமல் திரும்பியது. பிறகு தன்னுடைய சட்டத்தை மேஜையிலிருந்து தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"எங்கடா எடுத்துட்டுப் போறே?" என்றாள் அத்தை.

"அந்த வெளிச்சத்தை மட்டும் சரி பண்ணிட்டு வரேன்."

படிகளில் இறங்கிப் போனான்.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சிலர் படத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். மகள் எல்லாவற்றையும் பார்த்தாள். அட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

தெருமுனை சலூன்காரர் வந்தார். அப்பாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அப்பாவைப் பார்த்தார்.

"காது கரெக்டா இருக்கு" என்றார். "இந்தக் காதைச் சுத்தி வெட்டியே என் கத்திரி தேஞ்சுது. அது சரி, தாடை ஏன் ரெண்டு?"

"ஒண்ணு தப்புங்க."

"எது?"

அவள் படத்தின் பக்கம் குனிந்தாள். காலையில் எந்தக் கோட்டை முதலில் போட்டாள், எதைப் பிறகு போட்டாள்? இது இல்லை, அது. இல்லை, அதுவும் இல்லை. விரலை இரண்டு கோடுகளுக்கும் மேலே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தெரியல" என்றாள்.

சலூன்காரர் தலையை ஆட்டிவிட்டு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது வண்டி வந்து வாசலில் நின்றது. அண்ணன் மேலே வந்தான். சட்டம் அவன் கையில் இல்லை. யாரும் கேட்கவில்லை. தூக்குகிறவர்கள் உள்ளே வந்து அப்பாவின் தலைப்பக்கமும் கால்பக்கமும் குனிந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அவள்.

சின்னக் குரல்தான். ஆனால் எல்லாரும் திரும்பினார்கள். அவள் ஒரு வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பேனாவின் மூடியைத் திருகினாள்.

"இப்பவுமா?" என்றாள் அத்தை. "ஏண்டி, எல்லாரும் நிக்கறாங்கடி."

"நிக்கட்டும் அத்தை."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. தூக்குகிறவர்களில் ஒருவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையைக் காட்டி அவரை நிறுத்தினான்.

நெற்றியிலிருந்து தொடங்கினாள். மூக்கின் மேடு, மேலுதடு, கீழுதடு. காலையில் ஒவ்வொரு மூச்சுக்கும் இந்த முகம் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கை அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எதுவும் நகரவில்லை. கோடு போன இடத்திலெல்லாம் சரியாகப் போயிற்று. தாடையைச் சுற்றி வந்து காதின் அடியில் நின்றது. ஒரே கோடு. எங்கேயும் தப்பவில்லை.

பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். ஹாரன் மறுபடி அடித்தது.

பேனாவைத் தாடையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள். முதல் கோட்டுக்கு ஒரு நூலளவு தள்ளி, மெதுவாக, இரண்டாவதை இழுக்க ஆரம்பித்தாள்.