காற்று இழுக்கும் குழாய்

1

நான் ஒரு கதை எழுதிக்கொண்டிருந்ததால்தான் இந்தக் கதை நடந்தது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல மூன்றாம் பக்கம்வரை இழுத்து, மழுப்பி, கடைசியில் சொல்லாமலே விட்டுவிடுவேன். என் சாமர்த்தியம் எனக்குத் தெரியும்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'அன்றைக்குக் கடல் அமைதியாக

அடித்துவிட்டேன். கடல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அறைக்குள் இருந்தேன்.

2

என் தங்கையின் கணவர் துறைமுகத்தில் டைவர். படகுகளின் அடியில் சுற்றிக்கொள்ளும் கயிற்றை அறுத்தெடுப்பது அவர் வேலை. தண்ணீருக்கடியில் மூச்சுவிட முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டரில் காற்று நிரப்ப அடுத்தவர் கடையில் காத்துக்கிடந்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு கம்ப்ரசர் வாங்க முடிவு செய்தார். புதியது கட்டுபடியாகாது. வால்வுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்கின் கொட்டகையில் பழையது ஒன்று இருந்தது. நானும் கூடப் போனேன்.

"வயசென்ன இதுக்கு?" என்றேன்.

"இருபத்திரெண்டு சார். சத்தம் ஜாஸ்தி, வேலையும் ஜாஸ்தி. எங்க மாமனாருக்கு முதல் பாதி மட்டும் பொருந்தும்."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். வால்வுக்காரர் ஒரு நீளமான ரப்பர் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் வெளிக்காத்த இழுக்கும். இதோட வாய் எப்பவும் கம்பத்து உச்சியில, புகைக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும். இஞ்சின் புகைய இழுத்துச்சுன்னா சிலிண்டருக்குள்ள போறது விஷம். மோந்து பாத்தாலும் தெரியாது."

(முதல் வரைவில் இவருக்குத் திருட்டு முழி வைத்திருந்தேன். அப்படி எழுதினால் எனக்கு வசதி. அவர் கண்கள் அப்படியில்லை.)

3

வேலை போய் வீட்டோடு கிடந்த எனக்கு மாப்பிள்ளை கம்ப்ரசரை ஒப்படைத்தார். கால் மணிக்கொரு தரம் திருகைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை வெளியேற்றுவேன். எண்ணெய் மாற்றுவேன், பில்டர் மாற்றுவேன். கையில் கிரீஸோடு சாப்பிட உட்காரும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் குழாயைக் கம்பத்தோடு பிடித்திருந்த கிளிப் உடைந்தது.

"மச்சான், இன்னைக்கே புதுசு போட்டுடுங்க."

"போட்டுடறேன் மாப்பிள்ள."

சாக்குக் கயிற்றால் கட்டினேன். எட்டு நாள் அது தாங்கியது.

ஒன்பதாம் நாள் காலை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நல்ல வரி தோன்றியது. மாதக்கணக்கில் வராத வரி. எழுதிவிட்டு வந்துவிடலாம் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது குழாய் கீழே விழுந்து, புகை போக்கியின் பக்கத்தில் வாயைத் திறந்து கிடந்தது.

எவ்வளவு நேரம் கிடந்திருக்கும்? ('ஒரு நிமிடம்' என்று எழுதினேன். அடித்தேன். 'ஐந்து நிமிடம்'. அதையும் அடித்தேன். நான்கு பக்கம் எழுதியிருந்தேன். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

சிலிண்டரைத் திறந்து காற்றை விட்டுவிட்டு மறுபடி நிரப்பியிருக்கலாம். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"ரெடியா மச்சான்?"

ஏன் தாமதம் என்று கேட்பார். கதை எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

"ரெடி," என்றேன்.

அவர் போனதும் குழாயை மேலே கட்டினேன். ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நினைத்தேனா? நினைத்ததாகத்தான் எழுத முடிகிறது.

4

மாப்பிள்ளையின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் படகுக்காரர் இருமுறை இழுத்துப் பார்த்திருக்கிறார். கீழேயிருந்து பதில் இழுப்பு வரவில்லை. மேலே தூக்கியபோது மாப்பிள்ளையின் உதடுகள் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தனவாம். சிலிண்டர் காற்றில் விஷ வாயு என்றார் டாக்டர். என் தங்கை அழவில்லை. அவருடைய ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் நின்ற பிறகும்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். குழாய் ஒழுங்காக உச்சியில் இருந்தது. அப்படியானால் இயந்திரம்தான் கோளாறு, ஓட்டை இயந்திரத்தை ஏமாற்றித் தலையில் கட்டியிருக்கிறான் என்று முடிவானது. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். வால்வுக்காரரை ஜீப்பில் ஏற்றும்போது அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"சார், குழா மேலதான இருந்துச்சு?"

"மேலதான் இருந்துச்சு."

தலையைக் குனிந்துகொண்டார். தப்பு தன்னுடையதுதான் என்று அந்த நிமிடம் நம்பியிருப்பார்.

5

இனி முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: நான் போய் உண்மையைச் சொல்கிறேன். (நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான் நல்லவனாகிவிடுகிறேன்.)

முடிவு இரண்டு: வால்வுக்காரர் விடுதலையாகி வந்து என்னை

இல்லை. அவர் வரவில்லை. அவருடைய மனைவிதான் ஒருநாள் வந்து வாசலில் நின்றாள். தங்கை கதவைச் சாத்திவிட்டாள். கதவுக்குப் பின்னால் நானும் நின்றேன்.

மூன்றாவதை நான் கற்பனை செய்யவில்லை. இன்று மதியம் தங்கை ஒரு வெள்ளைத்தாளை என் மேசையில் வைத்தாள். நாளைக்கு அவள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

"அந்தாளு எங்கள ஏமாத்திட்டான்னு எழுதிக் குடுண்ணா. எனக்குக் கோர்வையா வராது. நீதான் நல்லா எழுதுவியே. கையெழுத்து நான் போட்டுக்கறேன்."

அந்தத் தாளில்தான் இதை எழுதினேன். பின்பக்கமும் நிரம்பிவிட்டது. கூடத்தில் அவள் நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கும் சத்தம் கேட்கிறது.

"முடிச்சிட்டியாண்ணா?"

இந்தத் தாளைக் கொடுக்கலாம். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் கேட்கலாம். இரண்டையும் என்னால் நம்பும்படி எழுத முடியும். அதனால் எழுதப்போவதில்லை. உங்களுக்கு இப்போது என்னைத் தெரியும். நான் எதைச் செய்வேன் என்று, தயவுசெய்து, என்னைக் கேட்காமல் நீங்களே