கம்பியைச் சுரண்டிய ஞாயிறு

அறுபத்திரண்டாம் வருஷம், தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்னாசிராஜ் பூசைக்குப் போகவில்லை. முதுகுவலி என்று பொய் சொல்லி, மனைவி அற்புதம்மாளையும் ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் பிலோமினாவையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, கூடத்து ஜன்னல் கம்பியைச் சுரண்ட உட்கார்ந்தார்.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷமாகப் பெயிண்டர். மிச்சமாகும் பெயிண்டெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். பாலக்கரையில் இவ்வளவு பளபளப்பான பழைய வீடு வேறு கிடையாது என்று மனிதருக்கு ஏகப்பட்ட பெருமை. பிலோமினாவின் மூத்த பிள்ளை, பேத்தி ரோசி, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைப் பார்ப்பாள். பல் முளைத்ததிலிருந்து அதைக் கடிக்கவும் கடிப்பாள். எலிக்குட்டி என்று கொஞ்சியவரும் இவர்தான்.

போன வருஷம், ஒன்றரை வயதில், வயிற்றுவலியும் வாந்தியுமாகக் கிடந்து, வலிப்பு வந்து ரோசி செத்துப்போனாள். தாய்ப்பால் கெட்டுப்போய்விட்டது என்றாள் அற்புதம்மாள். தெருவும் ஆமாம் போட்டது.

மூன்று மாதம் முன்பு இவருக்கே வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. டாக்டர் ஈறைப் பார்த்தார். நீலக் கோடு.

"பெயிண்டுல இருக்கற ஈயம் உடம்புல ஏறியிருக்கு. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா பெயிண்டு அடிச்ச எதுலயும் வாய் வைக்க விடாதீங்க. வலிப்பு வந்து உயிரே போயிடும்" என்றார் சாதாரணமாக.

அன்றிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் அற்புதம்மாள் மருமகளைப் பால் விஷயமாகக் குத்தும்போதெல்லாம் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பார். சோறுதான் உள்ளே போகும். கோழைப் பயல் என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

பாதிக் கம்பி முடிவதற்குள், கால் வலிக்கிறதென்று பிலோமினா தனியாகத் திரும்பி வந்துவிட்டாள்.

"உள்ள வராதம்மா, தூசி. கரையான் அரிச்சிருக்கு."

"கரையான் இரும்பைக்கூடத் திங்குதா மாமா?" வாசற்படியில் நின்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இந்தப் பிள்ளைக்கு நான் பால் குடுக்கப் போறதில்ல. புட்டிப்பால்தான். ஒண்ணைக் கொன்னது போதும்."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "உன் பால் இல்லம்மா, என் பெயிண்டு" என்று ஆரம்பித்து, டாக்டர் சொன்னது அத்தனையும் சொல்லி அழுதார். அவள் அழவில்லை.

"டாக்டர் எப்ப சொன்னார்?"

"மூணு மாசம் ஆச்சு."

"மூணு மாசமா, அத்தை பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்க."

அவர் சுரண்டியைக் கீழே வைத்தார்.

"வேற எதுலெல்லாம் அடிச்சீங்க?"

கதவு, நிலை, அரிசிப் பெட்டி என்று கைகாட்டிக்கொண்டே வந்தவருக்குப் பரணைப் பார்த்ததும் கை எழவில்லை. அங்கே ரோசியின் நடைவண்டி, வரப்போகும் பிள்ளைக்காக பிலோமினா துணி சுற்றி வைத்தது.

"அதுலயுமா மாமா?"

"ஆமாம்மா."

பிலோமினா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருமுனையில் அற்புதம்மாள் வருவது தெரிந்தது.

"அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். "உள்ள கூட்டிட்டுப் போய் இல்ல. இங்க வாசல்ல நின்னு, நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி."